பாரதிக்கு ஃபைல் இல்லை

விருத்தாம்பாளுக்கு ஒருவரைப் பிடிக்காமல் போக மூன்று நிமிஷம் போதும். அனு விஷயத்தில் அந்த மூன்று நிமிஷம்கூடத் தேவைப்படவில்லை. தோளில் லேப்டாப் பை, கழுத்தில் அடையாள அட்டை, கையில் ஒரு கடிதம் என்று அந்தப் பெண் செஞ்சி பஸ் ஸ்டாண்டிலிருந்து வேர்த்து வடிய நடந்து வந்து ரிசப்ஷனில் நின்றபோதே, இது நம் ரூமுக்குத்தான் வருகிறது என்று அவளுக்கு வயிறு எரியத் தொடங்கிவிட்டது.

ரூம் என்றால் அரண்மனை இல்லை. திருவண்ணாமலை ரோட்டில் டாக்டர் ஆதிமூலத்தின் நர்சிங் ஹோமில், மாடிப்படிக்குக் கீழே, ஆள் நிமிர்ந்தால் தலை இடிக்கிற ஒரு சந்து. அதற்குள் இருபத்தாறு வருஷத்து நோயாளிகளின் ஃபைல்கள். குளுகோஸ் ஏற்றி முடித்த டியூபை அலசிக் காயவைத்து, அதைக் கொண்டுதான் வருஷவாரியாகக் கட்டிப் போட்டிருந்தாள். 'தொண்டூர் அரிகிருஷ்ணன், கால்ல முள்ளு குத்தி சீழ் வெச்சதே' என்று டாக்டர் உள்ளேயிருந்து குரல் கொடுத்தால், அவர் வாயை மூடுவதற்குள் ஃபைல் மேஜைக்குப் போய்விடும். அவளைத் தவிர வேறு யார் தேடினாலும் ஒரு காகிதம் அகப்படாது. அகப்படாதபடிதான் அவளும் அடுக்கியிருந்தாள்.

"இன்னா வேணும்?" என்றாள் விருத்தாம்பாள், ஸ்டூலைவிட்டு எழுந்திருக்காமல்.

"ஒரு ஆராய்ச்சிக்காக ஆறு வருஷத்து கேஸ் ஷீட் பாக்கணும்க்கா. டாக்டர் சம்மதிச்சுக் கையெழுத்து போட்டுட்டாரு. யாருக்கு எந்த ஆன்டிபயாடிக் குடுத்தாங்க, எத்தனை நாள் குடுத்தாங்க, அதே நோவோட திரும்ப வந்தாங்களான்னு எடுக்கறோம். இந்தப் பக்கத்துல எந்த மருந்துக்குக் கிருமி சாவுது, எந்த மருந்துக்கு மசியாம நிக்குதுன்னு அப்பதான் தெரியும்."

"தெரிஞ்சி?"

"தெரிஞ்சா, கேக்காத மருந்த எழுத மாட்டாங்க."

"எங்க டாக்டரு முப்பது வருஷமா எழுதறாரு. நீ வந்து சொல்லிக் குடுக்கப் போறியா?"

அனு மனப்பாடம் செய்ததைப் போல, "பேரு, ஊரு, ஃபோன் நம்பர் எதையும் எடுத்துக்க மாட்டோம்க்கா. எங்களுக்கு ஒவ்வொருத்தரும் ஒரு நம்பர், அவ்வளவுதான்" என்றாள். விருத்தாம்பாள் சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை.

சிரித்ததற்குக் காரணம் இருந்தது. செஞ்சியைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு ஊரில் பெண் பார்க்கப் போகிறவர்கள், ஜாதகம் பார்த்த கையோடு இந்த மாடிப்படிப் பக்கமும் ஒரு நடை வந்துவிட்டுப் போவார்கள். நேராகக் கேட்க மாட்டார்கள். 'அப்பம்பட்டுல ஒரு பொண்ணு சொல்றாங்க, உனக்குத் தெரியுமாக்கா' என்று இழுப்பார்கள். விருத்தாம்பாள் ஃபைலைக் காட்ட மாட்டாள், நோயின் பெயரையும் சொல்ல மாட்டாள். ஒன்றும் இல்லையென்றால் 'தங்கமான பொண்ணு' என்பாள். ஏதாவது இருந்தால், கையிலிருக்கும் காகிதங்களைத் தட்டி அடுக்கிக்கொண்டே 'பொறுமையா பாருங்களேன், இன்னா அவசரம்' என்பாள். வந்தவர்கள் புரிந்துகொண்டு போய்விடுவார்கள். தொண்டூர் செல்லம்மாளின் மகள் வலிப்புக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பந்தக்கால் நடும் நேரத்தில் அந்தக் கல்யாணம் நின்றது. நான் பொய்யா சொன்னேன், ஒரு குடும்பத்தைக் காப்பாற்றத்தானே செய்தேன் என்று விருத்தாம்பாள் அன்றைக்கும் வயிறாரச் சாப்பிட்டாள்.

ஆகவே, பேரை எடுத்துவிடுவோம் என்று ஒருத்தி வந்து சொன்னால் அவள் எப்படி நம்புவாள்? காகிதத்தில் ஏறிய நோய் ஊர் வாயில் ஏறாமல் இருக்காது என்பதற்கு அவளே சாட்சி.

மூன்று வாரம் அந்த மாடிப்படிக்குக் கீழே ஒரு போரே நடந்தது. அனு ஒரு வருஷத்துக் கட்டைக் கேட்டால் விருத்தாம்பாள் வேறு வருஷத்துக் கட்டைக் கொடுப்பாள். அனு உட்கார்ந்ததும் பல்பு ஃபியூஸ் போய்விடும். அனு செல்ஃபோன் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு தட்டச்சு செய்வாள். அவளும் லேசுப்பட்டவள் இல்லை.

"ஒரே ஆளு பேர மூணு இடத்துல மூணு விதமா எழுதி வெச்சிருக்கீங்க. இதுக்குப் பேரு ரெக்கார்டா?"

"உன்னைவிட இந்தக் கட்டுக்கு வயசு ஜாஸ்தி. மரியாதையா தொடு."

"தொட்டாலே தும்மல் வருது."

"அப்போ தொடாத. யாரு வெத்திலபாக்கு வெச்சி அழைச்சாங்க?"

மூன்றாவது வாரத்தில் ஒரு திங்கட்கிழமை. அனு லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கினாள். "அக்கா, இந்த ஆஸ்பத்திரியில பதினாறு பேர் வேலை பாக்கறாங்க. ஆறு வருஷத்துல அந்தப் பதினாறு குடும்பத்துல ஒருத்தருக்குக்கூட காய்ச்சல் வரலையா? ஒரு ஃபைல்கூட இல்லையே."

விருத்தாம்பாளின் கை ஒரு நொடி நின்றது. "வரல. எங்க உடம்பு கல்லு மாதிரி. உனக்கு இன்னா வயித்தெரிச்சல்?"

"ஸ்டாஃப் வூட்டுக்காரங்க ஃபைல் போடாம மருந்து எடுத்துக்கறாங்கன்னா அதையும் நாங்க குறிக்கணும். உங்களுக்கு ஒரு பொண்ணு இருக்காங்களாமே. அவங்களுக்கு ஏதாவது..."

"என் பொண்ண எதுக்குடி இழுக்கற?"

அந்தச் சத்தம் ஆபரேஷன் தியேட்டர் வரைக்கும் கேட்டது. பத்து நிமிஷத்தில் விருத்தாம்பாள் டாக்டர் முன்னால் நின்று, இந்தப் பெண் ஸ்டாஃப் வீட்டு விவகாரத்தையெல்லாம் நோண்டுகிறாள், நர்சுகள் அழுகிறார்கள், நாளைக்கு ஒருத்தரும் வேலைக்கு வர மாட்டார்கள் என்று இல்லாததையும் பொல்லாததையும் சேர்த்துச் சொன்னாள். ஆதிமூலம் நல்ல மனுஷர். ஆனால் ஸ்டாஃப் தகராறு என்றால் அவருக்கு உதறல் எடுத்துவிடும். இதுவரை எடுத்தது போதும் அம்மா என்று அனுவைக் கும்பிட்டு அனுப்பிவைத்தார்.

"நீங்க எத மறைக்கறீங்கன்னு எனக்குத் தெரியாது. ஆனா மூணு வார வேலைய பாழாக்கிட்டீங்க" என்றாள் அனு, வாசலில்.

"பஸ்ஸு கெளம்பிடப் போவுது, ஓடு" என்றாள் விருத்தாம்பாள்.

மறைத்தது என்ன என்பதை இப்போதே சொல்லிவிடலாம். விருத்தாம்பாளின் புருஷன் போய்ச் சேர்ந்து பதினொரு வருஷம் ஆகிறது. ஒரே மகள் பாரதி. காலேஜுக்குப் போன வயதில் அவளுக்கு நீர்க்கடுப்பும் குளிர் காய்ச்சலும் வந்தது. வந்தது போனது, போனது வந்தது. கல்யாணத்துக்கு நிற்கிற பெண்ணுக்கு சிறுநீர்த் தொந்தரவு என்று ஒரு ஃபைல் இருந்தால் ஊர் அதை எப்படிப் படிக்கும் என்று விருத்தாம்பாளைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யார்? அவள் ஃபைல் போடவில்லை. டாக்டரிடமும் காட்டவில்லை. அதே தொந்தரவுக்கு மற்றப் பெண்களுக்கு டாக்டர் எழுதுவதைத்தான் தினமும் பார்க்கிறாளே. நர்சிங் ஹோம் மருந்து அலமாரியிலிருந்து ஓர் அட்டையை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு போவாள். ஸ்டாஃப் எடுத்தால் அங்கே யாரும் ஏனென்று கேட்பதில்லை, எல்லாரும் செய்வதுதான். 'சூட்டு மாத்திரை, போட்டுக்கோ பாப்பா' என்று கொடுப்பாள். மூன்று நாளில் எரிச்சல் நின்றுவிடும். மிச்ச மாத்திரையை அடுத்த தடவைக்கென்று அஞ்சறைப் பெட்டியில் போட்டு வைப்பாள்.

போன ஆவணியில் பாரதிக்கு வல்லத்தில் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை சேரன் வேர்க்கடலை உடைக்கிற மல்லாட்டை மிஷின் வைத்திருக்கிறான். அவனுடைய அம்மா ராஜம்மாள் விவரமானவள். நிச்சயத்துக்கு முன்னால் ஆள் அனுப்பி நர்சிங் ஹோமில் விசாரித்திருக்கிறாள். பாரதி பெயரில் ஃபைலே கிடையாது என்று ஒரு நர்ஸ் சொல்லியிருக்கிறாள். ராஜம்மாளுக்கு அந்த ஒரு வார்த்தை பத்துப் பொருத்தத்துக்குச் சமமாக இருந்தது.

அனு போய்ப் பத்து நாள்தான் ஆகியிருக்கும். வல்லத்திலிருந்து சேரன் ஃபோன் செய்தான். "அத்தே, பாரதிக்கு ரெண்டு நாளா ஜுரம். காலைல தூக்கித் தூக்கிப் போடுது. விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸ்ல இட்டுக்கினு போறோம்." பாரதிக்கு அப்போது ஐந்து மாசம்.

விருத்தாம்பாள் பஸ் பிடித்து வார்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது பாரதி கண்ணை மூடிக்கொண்டு, உதடு காய்ந்து, போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ராஜம்மாள் இடுப்பில் கை வைத்து நின்றிருந்தாள். டாக்டர் வெண்மதி என்கிற இளம் பெண் ஒரு தாளை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"யூரின் இன்ஃபெக்ஷன் கிட்னி வரைக்கும் ஏறியிருக்குது. இதுக்கு முன்ன இந்த மாதிரி வந்திருக்குதா? ஏதாவது ஆன்டிபயாடிக் எடுத்திருக்காங்களா?"

"என் மருமவளுக்கு ஒரு தலைவலிகூட வந்தது கெடையாதுங்க டாக்டரம்மா" என்றாள் ராஜம்மாள். "கட்டறதுக்கு முன்னமே விசாரிச்சோம். இதோ, அவங்கம்மாவே ஆஸ்பத்திரியில வேலை பாக்கறவங்கதான். கேளுங்க."

டாக்டர் திரும்பினாள். ராஜம்மாளும் திரும்பினாள். விருத்தாம்பாளின் தலை இல்லையென்று தானாக ஆடியது. 'முன்பு எதுவும் இல்லை' என்று எழுதிக்கொண்டு டாக்டர், கர்ப்பிணிகளுக்கு வழக்கமாகப் போடுகிற ஊசியை எழுதினாள். சிறுநீரை லேபுக்கு அனுப்பியிருப்பதாகவும், அதில் கிருமியை வளர்த்து எந்த மருந்துக்குச் சாகிறது என்று பார்க்க இரண்டு நாள் ஆகும் என்றும், அதுவரை இது ஓடட்டும் என்றும் சொன்னாள்.

ராஜம்மாள் அந்தப் பக்கம் போய் ஃபோனில் பேசுவது கேட்டது. அவளுடைய மகள் அமலாவை மண்டகப்பட்டிலிருந்து அந்த வாரக் கடைசியில் பெண் பார்க்க வருகிறார்கள். "ஒண்ணுமில்லீங்க, மருமவ கால் சுளுக்கிக்கிச்சி, காட்ட வந்தோம். நீங்க சொன்னபடி வந்துடுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். விருத்தாம்பாளுக்கு அவள் மேல் கோபம்கூட வரவில்லை. தானும் அதைத்தான் சொல்லியிருப்பாள்.

மறுநாள் மத்தியானமும் ஜுரம் இறங்கவில்லை. பிரஷர் இறங்க ஆரம்பித்தது. பாரதி ஒருமுறை ஜுர மயக்கத்தில் கண்ணைத் திறந்து, அம்மாவைப் பார்த்து, "பஸ்ஸு வந்துடுச்சா?" என்று கேட்டாள். டாக்டர் வெண்மதி நெற்றியைச் சுளித்தாள்.

"இதுக்கு மேல ஒரு ஊசி இருக்குதும்மா. ஆனா அத சும்மா எடுத்துப் போட மாட்டோம். வர்றவங்க எல்லாருக்கும் போட்டுட்டா நாளைக்கு அதுவும் கேக்காம போயிடும், அப்புறம் எங்க கையில ஒண்ணுமே இருக்காது. மொத தடவை வர்ற இன்ஃபெக்ஷன், இந்த ஊசிக்கே அடங்கணுமே. இன்னிக்குப் பாக்கறேன்."

மொத தடவை. அந்த வார்த்தை விருத்தாம்பாளைப் பிடித்து உலுக்கியது. அவள் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போய் ஃபோனை எடுத்தாள். அனுவின் நம்பரை 'லேப்டாப்பு' என்று போட்டு வைத்திருந்தாள், வந்தால் எடுக்காமல் இருப்பதற்காக.

"சொல்லுங்க. இன்னும் என்ன பாக்கி?" என்றாள் அனு.

"கோவத்த வுடும்மா. எனக்குத் தெரிஞ்ச ஒரு பொண்ணு. அஞ்சி மாசம். கிட்னியில இன்ஃபெக்ஷன். ஊசி போட்டும் ஜுரம் எறங்கல. அந்தப் பொண்ணு முன்னாடி சிப்ரோ மாத்திரை சாப்ட்டுக்குது. அப்புறம் செபிக்ஸிம்."

"எத்தனை தடவை?"

"பதினொண்ணு."

அனு அந்த எண்ணைத் திருப்பிச் சொன்னாள். பிறகு, "இப்ப போடற ஊசி பேரு?" என்று கேட்டாள். விருத்தாம்பாள் சொன்னாள்.

"செபிக்ஸிமும் அதுவும் ஒரே குடும்பத்து மருந்துக்கா. அத்தனை தடவை அரைகுறையா சாப்ட்டிருந்தா இதுவும் கேக்காம போக நெறைய வாய்ப்பு இருக்குது. நான் டாக்டர் இல்ல. ஆனா அந்த டாக்டருக்கு இது இப்பவே தெரிஞ்சாவணும்."

"அதத்தான் சொல்றேன். நீ கூப்ட்டு சொல்லேன். படிச்ச பொண்ணு, ஆராய்ச்சி பண்றவ, நீ சொன்னா எடுத்துக்குவாங்க. பேரு மட்டும் வாணாம். பொதுவா, இந்த மாதிரி கேஸுக்குன்னு..."

"பேர எடுத்துட்டு சொன்னா அது என் வேலைக்கு ஆவும். பெட்ல படுத்துக்கினு இருக்கறவளுக்கு ஆவாது. எந்தப் பொண்ணுக்குன்னு ஊசிய மாத்துவாங்க? நீங்க அங்கதானே இருக்கீங்க? போய் சொல்லுங்க."

"உனக்கு ஈவு இரக்கமே இல்லியாடி?"

"எனக்கா?" என்று மட்டும் கேட்டாள் அனு. ஃபோன் கட்டானது.

விருத்தாம்பாள் அவளை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே வார்டுக்குத் திரும்பினாள். திட்டினால் காலுக்குக் கொஞ்சம் தெம்பு வருகிறது என்று அவளுக்கு அனுபவம். டாக்டர் பாரதியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். கால்மாட்டில் ராஜம்மாளும் சேரனும்.

"டாக்டரம்மா, ஒரு நிமிஷம் தனியா வாங்க."

"இன்னா தனியா?" என்று ராஜம்மாள் குறுக்கே வந்தாள். "எங்க வூட்டுப் பொண்ணு. எதா இருந்தாலும் இங்கயே சொல்லு சம்மந்தி."

பாரதியின் பற்கள் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. அவ்வளவுதான், விருத்தாம்பாளுக்கு மானம் மரியாதை எல்லாம் எங்கோ போய்விட்டது.

"இது மொத தடவை இல்லீங்க. பன்னெண்டாவது தடவை. எழுதிக்கோங்க. பத்தொம்பது வயசுல, பொரட்டாசி மாசம், சிப்ரோ மூணு நாளு. அந்த வருஷம் மாசியில திரும்ப சிப்ரோ, மூணு நாளு. அடுத்த வருஷம் சித்திரையில சிப்ரோ கேக்கல, செபிக்ஸிம், மூணு நாளு. ஆடியில நாலு நாளு. கார்த்திகையில..."

மாசம் மாசமாகச் சொல்லிக்கொண்டே போனாள். ஒரு தாளிலும் எழுதாத அந்தப் பதினொன்றும் அவள் தலைக்குள் வரிசையாக இருந்தன. பக்கத்துக் கட்டில்காரிகள் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். டாக்டரின் பேனா பாதியில் நின்றது.

"எந்த டாக்டர் எழுதிக் குடுத்தாரு?"

"யாரும் இல்ல. நான்தான் குடுத்தேன்."

"நீங்க யாரு? நர்ஸா?"

"ஃபைலு எடுத்துக் குடுக்கறவ."

"ஒவ்வொரு தடவையும் எரிச்சல் நின்னதும் நிறுத்திட்டீங்க. கிருமிக்குப் பாடம் சொல்லிக் குடுத்து வளத்திருக்கீங்கம்மா" என்றாள் டாக்டர். குரல் உயரவில்லை, அதுதான் அதிகமாகச் சுட்டது. "நேத்து நான் கேட்டப்ப ஏன் தலையாட்டினீங்க? ஒரு நாள் போயிடுச்சே." பதிலுக்கு நிற்காமல் நர்ஸைக் கூப்பிட்டு ஊசியை மாற்றச் சொன்னாள்.

ராஜம்மாள் அதுவரைக்கும் காத்திருந்ததே பெரிய விஷயம்.

"அப்போ ஏமாத்திதான் எங்க தலையில கட்டினியா? ஃபைலே கெடையாதுன்னு சொன்னாங்களே! அத நம்பித்தானே கட்டினோம்!"

"ஆமா."

"வெக்கமில்லாம ஆமாங்கறியே!"

"சொல்லியிருந்தா கட்டியிருப்பீங்களா?"

"மாட்டோம்!"

"அதான் சொல்லல" என்றாள் விருத்தாம்பாள். சேரன் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வெளியே போய்விட்டான். அவன் சுபாவமே அதுதான், மழை வந்தால் நனையாமல் ஒதுங்குகிற ஜாதி.

மறுநாள் லேபிலிருந்து தாள் வந்தது. பத்து மருந்தின் பெயரில் ஏழுக்கு நேராகக் 'கேட்காது' என்று இருந்தது. முதலில் போட்ட ஊசியும் அந்த ஏழில் ஒன்று. புது ஊசி கேட்கும் என்று இருந்தது. அதற்கு அடுத்த நாள் ஜுரம் இறங்கியது, பிரஷர் ஏறியது, ஸ்கேனில் குழந்தையின் நெஞ்சு ஒழுங்காக அடித்தது. இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் இந்தப் பேச்சே வேறு மாதிரி இருந்திருக்கும் என்று டாக்டர் வெண்மதி சொன்னாள். விருத்தாம்பாள் சுவரில் சாய்ந்து வாய்விட்டு அழுதாள். ராஜம்மாள் ஒரு டம்ளர் தண்ணீர்கூட நீட்டவில்லை. "டிஸ்சார்ஜ் ஆனதும் உன் வூட்டுக்கே இட்டுக்கினு போயிடு. அங்கயே கெடக்கட்டும். அப்புறம் பெரியவங்கள வெச்சிப் பேசிக்கலாம்" என்று மட்டும் சொன்னாள். அந்தப் பேச்சு எங்கே போய் முடியும் என்று எல்லாருக்கும் தெரியும்.

பாரதிக்கு நன்றாக நினைவு திரும்பியதும் டாக்டர் கட்டிலருகே வந்து நின்றாள். "பாரதி, உங்கம்மா பதினொரு தடவை சொன்னாங்க. கல்யாணத்துக்கு அப்புறம் ஏதாவது சாப்ட்டியா? நெசத்த சொல்லு. உனக்கும் கொழந்தைக்கும் நல்லது."

"சூட்டு மாத்திரைங்களா?" என்றாள் பாரதி. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "பழைய அட்டைய மெடிக்கல்ல காட்டி ரெண்டு தடவை வாங்கினேன். அம்மா குடுக்கற மாதிரியே மூணு நாளு போட்டேன்."

பதினொன்று பதிமூன்றாயிற்று. விருத்தாம்பாள் கண்ணை மூடிக்கொண்டாள். ஆனால் பாரதி முடிக்கவில்லை. மாமியாரை ஒருமுறை பார்த்தாள், உதடு கோணியது.

"அத்தே, கோச்சிக்காதீங்க. அமலாவுக்கும் குடுத்தேன். அவளுக்கும் ஆறு மாசமா எனக்கு வர்ற மாதிரியே வருது. பொண்ணு பாக்க வர்ற நேரம், யாருக்கும் சொல்லாத அண்ணின்னு கால்ல விழுந்து அழுதா. எங்கம்மா எனக்குப் பண்ண மாதிரி நானும்... மூணு மூணு நாளா, நாலு தடவை."

ராஜம்மாள் முதலில் மருமகளைப் பார்க்கவில்லை. பக்கத்துக் கட்டில்களைத்தான் பார்த்தாள், யார் யார் காதில் விழுந்தது என்று.

டாக்டர் தாளைப் புரட்டினாள். "அந்தப் பொண்ணையும் டெஸ்ட் பண்ணணும். ஒரே வீடு, அதே மருந்து, அதே அரைகுறை. விட்டா இதே கட்டில்லதான் வந்து படுக்கும். முழுப் பேரு சொல்லுங்க, வயசு?"

"காய்ச்சல்ல ஒளர்றா டாக்டரம்மா" என்றாள் ராஜம்மாள், சிரிக்க முயன்றபடி. "எங்க வூட்ல அப்படி யாரும் இல்ல."

"இல்லையா?"

"இல்லீங்க. சம்மந்தியக் கேளுங்க, அவங்களே சொல்வாங்க."

சொல்லிவிட்டு ராஜம்மாள் விருத்தாம்பாளைப் பார்த்தாள். மூன்று நாளாக அந்தக் கண்ணில் நெருப்பைத் தவிர வேறொன்றும் இல்லை. இப்போது அதில் கெஞ்சல் இருந்தது, பேரமும் இருந்தது. ஓர் 'ஆமாங்க' போதும். பாரதி வல்லத்துக்கே திரும்பிப் போவாள், வாசலில் ஆரத்தி எடுப்பார்கள், பெரியவர்களை வைத்துப் பேச ஒன்றும் இருக்காது. விருத்தாம்பாளுக்கு அது அத்தனையும் ஒரு நொடியில் புரிந்தது. தான் நான்கு நாளுக்கு முன்னால் இதே இடத்தில் எப்படி நின்றோமோ அப்படியே ராஜம்மாள் நிற்கிறாள் என்பதும் புரிந்தது.

"அமலா" என்றாள் விருத்தாம்பாள். "வயசு பத்தொம்பது. ஊரு வல்லம். செபிக்ஸிம், நாலு தடவை, மூணு மூணு நாளு. எழுதிக்கோங்க டாக்டரம்மா."

அது நல்லெண்ணமா பழிவாங்கலா என்று கேட்டால் அவளாலேயே சொல்ல முடியாது. இரண்டும் கலந்துதான் இருந்தது. ராஜம்மாள் பாய்ந்து வந்து அவள் தோளைப் பிடித்துத் தள்ளினாள். "நாசமாப் போவ! என் பொண்ணு வாழ்க்கையில மண்ண அள்ளிப் போட்டுட்டியே! உன் பொண்ணு இனிமே எங்க வாசப்படி மிதிக்க மாட்டா, பாத்துக்கோ!"

பாரதி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். விருத்தாம்பாள் கலைந்த முந்தானையை எடுத்து இடுப்பில் செருகினாள்.

"மிதிக்க வாணாம். நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு அமலாவ இங்க இட்டுக்கினு வாங்க" என்றாள். "வரலைன்னா நான் வல்லத்துக்கு வருவேன். மண்டகப்பட்டுக்காரங்க உக்காந்திருந்தாலும் சரி, வாசல்ல நின்னு கூப்புடுவேன்."